பிரசங்கம் வேறு, காட்சி வேறு: கிறிஸ்தவத் திரைக்கதைப் போட்டிகள் பற்றி

அமெரிக்காவில் சில போட்டிகள் நடக்கின்றன. கேமரா வேண்டாம், நடிகர் வேண்டாம், தெரிந்த தயாரிப்பாளர் ஒருவர்கூட வேண்டாம். நூறு பக்கம் போல ஒரு திரைக்கதை எழுதி, நுழைவுக் கட்டணத்தோடு அனுப்பினால் போதும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதைப் படித்து மதிப்பெண் போடுவார். எல்லாத் திரைக்கதைப் போட்டிகளும் இப்படித்தான். ஆனால் நான் இங்கே சொல்லப்போகும் வகையில் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு: கதை ஏதோ ஒரு விதத்தில் விசுவாசத்தைத் தொட வேண்டும். அங்கே 'ஃபெய்த் பேஸ்டு', அதாவது விசுவாசம் சார்ந்த, படங்கள் என்று ஒரு தனிச் சந்தையே இருக்கிறது. அந்தச் சந்தையின் வாசலில் நிற்பவை இந்தப் போட்டிகள்.

அந்தச் சந்தை எப்படி வந்தது என்று தெரிந்தால் போட்டிகள் ஏன் வந்தன என்பதும் புரியும். 2004-இல் இயேசுவின் கடைசி மணி நேரங்களைப் பற்றி மெல் கிப்சன் எடுத்த 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' வெளியானது. வசனம் முழுக்க அரமேயத்திலும் லத்தீனிலும் எபிரேயத்திலும். சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் மட்டும் 37 கோடி டாலர் வசூலித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்கள் டிக்கெட்டும் வாங்குவார்கள் என்று ஸ்டுடியோக்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதைவிட வேடிக்கை அப்புறம் நடந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்ற ஊர். அங்குள்ள ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையில் உதவிப் போதகர்களாக இருந்த அலெக்ஸ் கெண்ட்ரிக், ஸ்டீஃபன் கெண்ட்ரிக் என்ற சகோதரர்கள் சபை ஆட்களையே நடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். 2006-இல் வந்த 'ஃபேசிங் தி ஜயன்ட்ஸ்' படத்துக்கு ஆன செலவு சுமார் 1 லட்சம் டாலர். வசூல் 1 கோடியைத் தாண்டியது. 2008-இல் 'ஃபயர்ப்ரூஃப்': செலவு 5 லட்சம், வசூல் 3 கோடியே 30 லட்சம். 2015-இல் வந்த 'வார் ரூம்' 30 லட்சத்தில் எடுக்கப்பட்டு, வெளியான இரண்டாவது வாரக் கடைசியில் அமெரிக்காவிலேயே வசூலில் முதலிடத்துக்குப் போனது. இதற்கிடையில் 2007-இலேயே சோனி நிறுவனம் 'அஃபர்ம் ஃபிலிம்ஸ்' என்று இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கிவிட்டது.

பணம் போட ஆள் இருக்கிறது, பார்க்கவும் ஆள் இருக்கிறது. இல்லாதது நல்ல திரைக்கதை. இந்தப் படங்களைப் பிடிக்காத விமர்சகர்கள் மட்டும் சொன்ன குறை அல்ல இது. எடுத்தவர்களும் பார்த்தவர்களும்கூட ஒப்புக்கொண்ட குறைதான். எழுதத் தெரிந்த விசுவாசிகளைத் தேடுவதற்குப் போட்டி ஒரு வழி. கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: மேலே சொன்ன படங்களில் ஒன்றுகூடப் போட்டியில் ஜெயித்த திரைக்கதையிலிருந்து வந்ததில்லை. கெண்ட்ரிக் சகோதரர்கள் யாரிடமும் மதிப்பெண் வாங்கவில்லை, தாங்களே எழுதித் தாங்களே எடுத்தார்கள். போட்டியில் பரிசு வாங்கினால் படமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, என்னென்ன போட்டிகள்? அதிகம் பேசப்பட்டது கைரோஸ் பரிசு. கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் திரைப்படங்களை மதிப்பிடும் 'மூவிகைட்' என்ற அமைப்பை டெட் பேர் என்பவர் 1985-இல் தொடங்கினார். அந்த அமைப்பு ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளையின் நிதியில் ஏற்படுத்திய பரிசு இது. அதன் முழுப்பெயரிலேயே 'ஆன்மிக உயர்வு தரும் திரைக்கதைகளுக்கு' என்று வரும். ஆரம்ப ஆண்டுகளில் மொத்தப் பரிசு 50,000 டாலர்: முதல் பரிசு 25,000, அடுத்தது 15,000, மூன்றாவது 10,000. புதியவர்களுக்கென்றே தொடங்கியது, பின்னால் அனுபவமுள்ள எழுத்தாளர்களுக்கும் தனிப் பிரிவு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இது வேதாகமக் கதைகளுக்கான பரிசு இல்லை என்பது. மோசேயும் தாவீதும் வராமல், இன்றைய ஊரில் இன்றைய மனிதர்களை வைத்து எழுதியதும் தாராளமாகப் போட்டியிடலாம்.

இன்னொன்று '168'. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம், அதுதான் பெயர்க் காரணம். 2003-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய குறும்பட விழா இது. கலந்துகொள்ளும் குழுவுக்கு ஒரு வேத வசனத்தைக் கொடுப்பார்கள். அதிலிருந்து ஒரு கதையை உருவாக்கி, ஒரு வாரத்துக்குள் படம்பிடித்துத் தொகுத்தும் கொடுத்துவிட வேண்டும். அதே பாணியில் எழுத்தாளர்களுக்கு மட்டுமான ஒரு போட்டியும் அதில் சேர்ந்தது: வசனம் கையில் வரும், ஒரு வாரத்தில் குறும்படத் திரைக்கதை எழுத வேண்டும். ஆரம்பிக்கிறவருக்கு இந்த வகைதான் நல்லது என்பது என் எண்ணம். நூறு பக்கத்தை இரண்டு வருடம் தடவிக்கொண்டிருப்பதைவிடப் பத்துப் பக்கத்தை ஒரு வாரத்தில் முடிப்பது நிறையக் கற்றுக்கொடுக்கும்.

இவை போக, ஆர்லாண்டோவில் நடக்கும் சர்வதேச கிறிஸ்தவத் திரைப்பட விழா போன்றவற்றில் படங்களோடு திரைக்கதைக்கும் ஒரு பிரிவு இருக்கும். பரிசுத் தொகை சொற்பம். ஆனால் தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் அங்கே நடமாடுவார்கள். நேரில் போக முடிகிறவருக்கு அதுதான் லாபம்.

இனி யாரும் அதிகம் சொல்லாத ஒரு வழி. விசுவாசக் கதையை விசுவாசப் போட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி 1986 முதல் நடத்தும் நிக்கல் ஃபெலோஷிப் என்ற திரைக்கதைப் போட்டி மதம் பார்ப்பதில்லை. அது தேர்ந்தெடுத்த ஒவ்வொருவருக்கும் பல ஆண்டுகளாக 35,000 டாலர் கொடுத்து வந்தது. ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் வானொலியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மைக் ரிச் 1998-இல் அதை வென்றார். அந்தத் திரைக்கதைதான் 2000-இல் ஷான் கானரி நடித்து வந்த 'ஃபைண்டிங் ஃபாரஸ்டர்'. எழுத்தாளர் ஒருவருக்கும் ஒரு மாணவனுக்கும் இடையிலான நட்பு பற்றியது, வேத வசனம் கிடையாது. சில வருடம் கழித்து அதே மைக் ரிச் எழுதிய 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' 2006 நவம்பரில் வாடிகனில் முதல் காட்சி கண்டது. மரியாளும் யோசேப்பும் பெத்லகேமுக்குப் போகும் கதை. பொதுப் போட்டியில் திறமையைக் காட்டியவருக்குத்தான் கிறிஸ்து பிறப்பின் கதையை எழுதும் வேலை கிடைத்தது. இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

அனுப்பிய பிறகு என்ன நடக்கும்? திரைக்கதை முதலில் நடுவர் மேசைக்குப் போகாது, 'ரீடர்' எனப்படும் முதல்நிலை வாசகரிடம் போகும். ஒரு திரைக்கதைக்கு இத்தனை என்று கூலி வாங்கிக்கொண்டோ தன்னார்வமாகவோ படிப்பவர் அவர். அவருடைய குவியலில் உங்களுடையது எத்தனையாவது என்று உங்களுக்குத் தெரியாது. கதை, பாத்திரம், வசனம், அமைப்பு என்று தலைப்புவாரியாக மதிப்பெண் போடுவார். தேறியவை கால் இறுதி, அரை இறுதி, இறுதி என்று மேலே போகும். பெயர் பெற்ற நடுவர்கள் பார்ப்பது கடைசியில் எஞ்சும் ஒரு சிலவற்றைத்தான். ஆகவே போட்டியின் விளம்பரத்தில் உள்ள பிரபலத்தை மனதில் வைத்து எழுதக் கூடாது. களைப்போடு ஒரு சனிக்கிழமை இரவு உங்கள் முதல் பத்துப் பக்கத்தைத் திறக்கும் அந்த வாசகருக்காக எழுத வேண்டும். முழுவதும் படிக்க வேண்டும் என்பது அவருக்கு விதி. ஆனால் பத்தாம் பக்கத்திலேயே மனதுக்குள் முடிவெடுத்திருப்பார்.

அந்த வாசகரும் பெரும்பாலும் விசுவாசிதான். கிறிஸ்தவப் போட்டிக்கு வாசிக்கிறவருக்கு நற்செய்தியை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தேவை கதை. புதியவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான்: பிரசங்கத்தை எழுதி, அதை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்து, திரைக்கதை என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன், கதை நானே கட்டியது. ஒஹையோவில் ஒரு சிற்றூர்ச் சபை. கூரை ஒழுகுகிறது. கூரையைப் பழுது பார்க்கச் சேர்த்த பணத்தைப் போதகர் டேனியல் தன் மனைவி லிண்டாவின் சிகிச்சைக்கு எடுத்துச் செலவழித்துவிட்டார். சபையின் பொருளாளர் மார்த்தாவுக்கு, வயது அறுபதைத் தாண்டியவர், இது தெரிய வருகிறது. முதலில் பலரும் எழுதும் விதம்:

மார்த்தா: பாஸ்டர், கூரை நிதியில் பணம் இல்லை. நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

டேனியல் (கண்ணீருடன்): லிண்டாவின் சிகிச்சைக்காக எடுத்தேன். நான் பாவி.

மார்த்தா: எல்லோரும் பாவம் செய்தவர்கள்தான் என்று வேதம் சொல்கிறதே. தேவன் மன்னிக்கிறவர். வாருங்கள், ஜெபிப்போம்.

இதில் உபதேசக் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் குற்றம், ஒப்புதல், மன்னிப்பு மூன்றும் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. மீதித் தொண்ணூறு பக்கத்துக்கு என்ன செய்வது? அதே சந்திப்பை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

உட்புறம். சபையின் சமையலறை – இரவு

மழை. கூரையிலிருந்து தண்ணீர் ஒரு சூப் பாத்திரத்தில் சொட்டுகிறது. டேனியல் குனிந்து பாத்திரத்தை நகர்த்தி வைக்கிறார். வாசலில் மார்த்தா. கையில் வங்கியிலிருந்து வந்த கவர், ஏற்கெனவே பிரித்தது.

மார்த்தா: கூரை ஆள் போன் செய்தானா?

டேனியல்: அடுத்த வாரம் வருகிறேன் என்றான்.

மார்த்தா: போன வாரமும் அதைத்தான் சொன்னீர்கள்.

டேனியல் பதில் சொல்லவில்லை. மார்த்தா கவரைக் கைப்பைக்குள் வைக்கிறார். இன்னொரு பையிலிருந்து மூடி போட்ட ஒரு பாத்திரத்தை எடுத்து நீட்டுகிறார்.

மார்த்தா: லிண்டாவுக்கு. உப்பு போடவில்லை. டாக்டர் வேண்டாம் என்றாராமே.

டேனியல் வாங்கிக்கொள்கிறார். மார்த்தா நிற்கிறார். டேனியல் பேசுவார் என்று காத்திருக்கிறார். சொட்டுச் சத்தம் மட்டும். மார்த்தா நிரம்பிய சூப் பாத்திரத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, திரும்ப ஒழுகும் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

வேத வசனம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மார்த்தாவுக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரிகிறது, டேனியலுக்கும் பாதி தெரிந்திருக்கும். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது, அதை விட்டுவிட்டார். அவர் எப்போது வாய் திறப்பார் என்று பார்க்க வாசகர் பக்கத்தைத் திருப்புவார். குற்றம் தெரிந்தும் உப்பில்லாத சாப்பாட்டைச் செய்து கொண்டுவந்த அந்தப் பெண்மணி இருக்க, கிருபை என்றால் என்ன என்று யாரும் வசனம் பேசிக் காட்ட வேண்டியதில்லை.

இது ஹாலிவுட்காரன் கண்டுபிடித்த தந்திரம் என்று யாராவது நினைத்தால், 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கட்டும். தாவீது உரியாவைக் கொல்லக் கொடுத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்டான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து 'நீ பாவம் செய்தாய்' என்று ஆரம்பிக்கவில்லை. ஒரு பணக்காரன், ஒரு ஏழை, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டி என்று கதை சொன்னார். அந்தக் குட்டி அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் பாத்திரத்திலே குடித்தது, அவன் மடியிலே படுத்துக்கொண்டது என்று விவரம் விவரமாகச் சொன்னார். தாவீதுக்குக் கோபம் பொங்கி, அந்தப் பணக்காரன் சாக வேண்டியவன் என்று தன் வாயாலேயே தீர்ப்புச் சொன்ன பிறகுதான் 'நீயே அந்த மனுஷன்' என்ற வரி வருகிறது. மூன்றே சொல். அந்த வரியை முதலில் வைத்திருந்தால் ராஜா காவலாளியைக் கூப்பிட்டிருப்பான். அதிகாரம் முழுவதையும் ஒரு திரைக்கதைப் பாடமாகவே படிக்கலாம்.

வாசகர்களை அலுக்க வைக்கும் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, தேவனை நம்பாத ஒரு பேராசிரியரோ வக்கீலோ முட்டாளாகவும் கொடியவராகவும் வந்து, கடைசிக் காட்சியில் அழுது மனந்திரும்புவது. அவருடைய கேள்விகளுக்கு உண்மையான பலம் கொடுக்காவிட்டால் அவர் மனம் மாறியதற்கும் பலம் இருக்காது. இரண்டாவது, ஒரு ஜெபம், உடனே ஓர் அற்புதம், பிரச்சினை தீர்ந்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று எழுதக் கூடாது என்பதல்ல. தொண்ணூறு பக்கம் நாயகன் படும் பாட்டை எல்லாம் அந்த ஒரு பக்கம் செல்லாக்காசாக்கிவிடக் கூடாது. ஊதாரி மகன் கதையின் முடிவைப் பாருங்கள். இளையவன் திரும்பி வந்துவிட்டான், விருந்து நடக்கிறது. மூத்தவன் மட்டும் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவே இல்லை.

இனி நடைமுறைச் சங்கதிகள். இந்தப் போட்டிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத் திரைக்கதையைத்தான் ஏற்கும். கூரியர் எழுத்துரு, 12 அளவு. ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. ஆகவே முழுநீளப் படம் 90 முதல் 120 பக்கத்துக்குள் அடங்க வேண்டும், புதியவர் நூறைத் தாண்டாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஃபைனல் டிராஃப்ட் போன்ற மென்பொருள் இந்த அமைப்பைத் தானாகவே போட்டுக் கொடுக்கும், இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. வேர்டில் இடைவெளி தட்டித் தட்டி அமைத்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பல போட்டிகள் அட்டைப் பக்கத்தில் பெயர் இருக்கக் கூடாது என்று சொல்லும். ஆர்வக் கோளாறில் பெயரோடு சபையின் பெயரையும் சேர்த்துப் போட்டு அனுப்பினால், படிக்காமலே ஒதுக்கப்படலாம்.

கதையை ஒன்றிரண்டு வாக்கியத்தில் சொல்லும் 'லாக்லைன்' கேட்பார்கள். 'தேவனுடைய அன்பைப் பற்றிய மனதைத் தொடும் கதை' என்று எழுதினால் அதில் கதையே இல்லை. 'மனைவியின் சிகிச்சைக்காகச் சபைப் பணத்தை எடுத்த போதகர், கூரை இடிவதற்குள் அதைத் திருப்பி வைக்கப் போராடுகிறார். அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆள்தான் தினமும் அவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார்.' இது லாக்லைன்.

யாரோ ஒருவரின் சாட்சியைக் கேட்டு உருகிப்போய் அதையே திரைக்கதையாக்குகிறவர்கள் உண்டு. அவர் உயிரோடு இருந்தால் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும்; சபையில் எல்லோர் முன்னும் சொன்னார் என்பதால் அது பொதுச் சொத்து ஆகிவிடாது. வேத வசனத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை அமெரிக்காவில் யாரும் பயன்படுத்தலாம். இப்போதைய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்பாளர்கள் உரிமை வைத்திருக்கிறார்கள், எவ்வளவு மேற்கோள் காட்டலாம் என்பதற்கு அளவும் வைத்திருக்கிறார்கள். பாடலும் அப்படியே: ஜான் நியூட்டன் எழுதி 1779-இல் அச்சான 'அமேசிங் கிரேஸ்' பாட்டின் வரிகளை யாரும் எழுதிக்கொள்ளலாம், போன வருடம் வந்த ஆராதனைப் பாடலை முடியாது. திரைக்கதையில் 'சபையார் ஒரு பழைய பாமாலை பாடுகிறார்கள்' என்று விட்டுவிடுவது எல்லாருக்கும் நல்லது.

கட்டணம் பெரும்பாலும் 30 டாலருக்கு மேல்தான். முன்கூட்டியே அனுப்பினால் குறைவு, கடைசி நாளில் அனுப்பினால் அதிகம். நான்கைந்து போட்டிக்கு அனுப்பினாலே ஒரு தொகை ஆகிவிடும். அதனால் இந்த ஆண்டு உண்மையிலேயே நடக்கிறதா, போன ஆண்டு வென்றவர்களின் பெயர் வெளியாகியிருக்கிறதா, வாசகரின் குறிப்பு நமக்குக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டவும். என்னைக் கேட்டால், தோற்றாலும் குறிப்பு கிடைக்கும் போட்டி, வெறும் சான்றிதழ் தரும் போட்டியைவிட மேல்.

அனுப்புமுன் திரைக்கதையைப் பதிவு செய்துவிடுவது வழக்கம். எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையதுதான். ஆனாலும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தால் வழக்கு என்று வரும்போது உதவும். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்களின் சங்கமான 'ரைட்டர்ஸ் கில்ட் ஆஃப் அமெரிக்கா வெஸ்ட்'டில் செய்யும் பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சங்க உறுப்பினராக இல்லாதவரும் பதியலாம். அப்புறம் போட்டியின் விதிமுறையை, சின்ன எழுத்தில் இருந்தாலும், கடைசி வரி வரை படிக்கவும். வென்ற திரைக்கதையை முதலில் வாங்கும் உரிமை தங்களுக்கே என்று சில அமைப்பாளர்கள் சேர்த்திருப்பார்கள். எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு பணத்துக்கு என்று தெளிவாக இருந்தால் யோசிக்கலாம். பணம் எவ்வளவு என்று சொல்லாமல், கலந்துகொள்ளும் எல்லாத் திரைக்கதையின் மீதும் உரிமை கேட்டால், எவ்வளவு பக்தியாக எழுதியிருந்தாலும் அந்தப் போட்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.